கடலடிக் குழாயை இறுக்கும் கருவி

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

சென்ற கோடை விடுமுறையில் நான் ஓர் ஆணியை முறித்தேன். அதன் விலை இருபது ரூபாய்கூட இராது. ஆனால் அது முறிந்ததால் எங்கள் தோட்டத்து மக்காச்சோளம் நான்கு நாள் தண்ணீரின்றி வாடியது. தாத்தாவிடம் நான் வாங்கிக்கொண்ட வசவுக்கோ கணக்கே இல்லை. அந்த ஆணியில் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் தாயில்பட்டி. சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் பக்கம். பட்டாசைத் தவிர வேறொன்றும் எங்கள் ஊரைப் பற்றி வெளியூரார் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கடலுக்கும் எங்களுக்கும் வெகு தூரம். வைப்பாறு எங்கள் வட்டாரத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. ஆனால் ஆண்டில் பெரும்பகுதி அதில் இருப்பது மணல்தான். இப்படிப்பட்ட கரிசல் காட்டுக்காரன் கடலடிக் குழாய்களைப் பற்றி எழுதப் புகுவது பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் வேடிக்கையாகத் தோன்றலாம். என் பெரியப்பா மகன் எட்டு ஆண்டுகளாக அந்தத் தொழிலில் இருந்தவர் என்பதே எனக்குள்ள ஒரே தகுதி.

நடந்தது இதுதான். எங்கள் கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. கிணற்றுக்குள் இறங்கும் சக்‌ஷன் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது என்றார் தாத்தா. குழாய்த் துண்டுகள் சேருமிடத்தில் இரண்டு பிளேஞ்சுகள், நடுவே ஒரு ரப்பர் வளையம், சுற்றிலும் நான்கு போல்ட்டுகள். இயற்பியல் படிக்கும் பேரன் இருக்கும்போது பிட்டர் எதற்கு என்று நானே இறங்கினேன். முதல் நட்டை முழு மூச்சாக முடுக்கினேன். பிறகு இரண்டாவது. மூன்றாவதுக்கு வந்தபோது பிளேஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ரப்பர் மறுபக்கம் பிதுங்கியிருந்தது. ஸ்பேனரின் பிடியில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகி, ‘நெம்புகோல் தத்துவம்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு தொங்கினேன். டங்கென்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை கிணற்றுக்குள் விழுந்தது.

அண்ணன் அப்போது ஊரில் இருந்தார். கடலில் வேலை மும்முரமாக நடக்கும் பருவம் ஐப்பசி முதல் சித்திரை வரையில்தான். மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும், கப்பல்கள் ஒதுங்கிவிடும். பருவம் முடியுமுன்பே அவர் வீட்டில் இருந்தது எனக்குப் புதிராக இருந்தது. ஆனால் கேட்கவில்லை. முறிந்த துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “தம்பி, நீ நட்டைத் திருகுனே. போல்ட்டை இழுக்கலை. ரெண்டும் வேற வேற” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் விளங்க எனக்கு மூன்று நாளாயிற்று.

போல்ட்டு ஒரு வில்

இரண்டு பொருள்களைப் போல்ட்டு எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? நட்டு நெருக்குவதால் என்போம். நெருக்கும் விசை எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் விஷயம் தெரியும். நட்டு இறங்க இறங்கப் போல்ட்டு நீள்கிறது. எஃகுதானே, அது எப்படி நீளும் என்று ஐயுற வேண்டாம். ரப்பரைப் போலவே எஃகும் நீளும். கண்ணுக்குத் தெரியாத அளவில் நீளும். நீண்டது பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்புத்தான் பிளேஞ்சுகளை நெருக்குகிறது. நீட்சிக்கும் விசைக்கும் உள்ள இந்த நேர்விகிதத்தை இராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு விடுகதையாக வெளியிட்டு, 1678-இல்தான் விடையை அவிழ்த்தார். நாம் முதலாண்டுச் செய்முறையில் கம்பியில் எடைக்கல் தொங்கவிட்டு யங் குணகம் கண்டோமே, அதே கதைதான்.

அண்ணன் எனக்குப் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். கடலடிக் குழாய் இணைப்பில் வரும் 36 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரையின் பள்ளம் போக இழுவிசையைத் தாங்கும் குறுக்குப் பரப்பு சுமார் 817 சதுர மில்லிமீட்டர். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 350 நியூட்டன் தகைவு வேண்டுமானால், மொத்த விசை ஏறத்தாழ 2,86,000 நியூட்டன். அதாவது 29 டன். எஃகின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன். ஆகவே திரிபு 0.00175. பிடிபடும் நீளம் 250 மில்லிமீட்டர் என்றால் போல்ட்டு நீள்வது 0.44 மில்லிமீட்டர்.

அரை மில்லிமீட்டர்கூட இல்லை! இருபத்தொன்பது டன் பிடியும் அந்த இழையளவு நீட்சிக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஏதோ காரணத்தால் நட்டு 0.05 மில்லிமீட்டர் பின்வாங்கினால் பிடியில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். போல்ட்டு 50 மில்லிமீட்டர்தான் நீளம் என்றால், அதே தகைவுக்கு அது நீள்வது 0.0875 மட்டும், அதே 0.05 பின்வாங்கினால் பாதிக்கு மேல் பிடி போயிற்று. பெரிய இணைப்புகளில் ஏன் நீள நீளமான போல்ட்டுகளைப் போடுகிறார்கள் என்பது எனக்கு இதைப் பார்த்த பின்புதான் விளங்கியது.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். ஸ்பேனரால் திருகும்போது நாம் செலவிடும் உழைப்பில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், பத்தில் நான்கு பங்கு மரைகளின் உராய்விலும் போய்விடுகிறது. போல்ட்டை நீட்டச் செல்வது பத்தில் ஒரு பங்குதான். இதில் ஆபத்து, வீணாவது அல்ல; நிச்சயமின்மை. நூறு பங்கில் உராய்வு 90-ஐத் தின்கிறது என்று நாம் நினைத்திருக்க, மசகு நன்றாகப் பட்டு அது 85 ஆனால், போல்ட்டுக்குப் போவது 10-லிருந்து 15 ஆகிவிடும், ஒன்றரை மடங்கு. மாறாகத் துருப்பிடித்திருந்தால் கை வலிக்கத் திருகியும் போல்ட்டு நீண்டிருக்காது. இரண்டிலும் கைக்குத் தெரிவது ஒரே இறுக்கம்தான். என் கிணற்றில் ஒரு போல்ட்டு முறிந்ததும் மற்றொன்று தளர்வாய் இருந்ததும் இப்படித்தான்.

“உங்க பெரியம்மாகிட்டக் கேளு, சொல்லுவா” என்றார் அண்ணன். பெரியம்மா முப்பது வருடமாக வெடி ஆபீசுக்குப் போகிறவர். அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றும் வேலை. கேட்டேன். “சுத்து எத்தனைங்கிறது கணக்கில்லைய்யா. இழுத்துச் சுத்துனியா, சும்மா சுத்துனியா, அதான். பத்துச் சுத்துக் கூடப் போட்டாலும் தொளதொளன்னு இருந்தா புஸ்ஸுன்னு போகும்” என்று சொல்லி, சுற்றியது இறுகியிருக்கிறதா என்று பார்க்கப் பெருவிரலால் அழுத்திக் காட்டுவதுபோல் காற்றில் அழுத்தினார். திருகிய அளவு வேறு, இழுவிசை வேறு. பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு விரலில் சொல்லிவிட்டார்.

கடலுக்கடியில் என்ன வேலை?

அரபிக்கடலில் மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் 1974-இல் ‘சாகர் சாம்ராட்’ என்ற துளையிடும் மேடை எண்ணெயைக் கண்டது. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. பம்பாய் ஹை என்று அன்று பெயர் பெற்ற அந்த வயலில் கடலின் ஆழம் ஏறத்தாழ 75 மீட்டர். மேடைகளுக்கிடையிலும் கரைக்கும் எண்ணெயும் வாயுவும் கடற்படுகைக் குழாய்களில் செல்கின்றன. குழாய்களைக் கப்பலிலேயே பற்றவைத்து இறக்குகிறார்கள். ஆனால் குழாயின் கடைசி முனை மேடையின் காலோடு சேருமிடத்தில், அல்லது பழுதான துண்டை வெட்டி மாற்றுமிடத்தில், கடலடியிலேயே இணைத்தாக வேண்டும்.

அங்கே பயன்படும் இணைப்புகளில் ஒன்று கிளாம்ப்பு. இரு குழாய் முனைகளிலும் தடித்த விளிம்பு. அந்த விளிம்பின் முதுகு சாய்வாக இருக்கும். நடுவே ஓர் உலோக அடைப்பு வளையம். விளிம்புகளை வெளியிலிருந்து கவ்வ இரண்டு அரைவட்டத் துண்டுகள். அவற்றின் உட்பள்ளமும் அதே சாய்வு. இரண்டு அரைகளையும் போல்ட்டுகள் நெருக்கும்போது சாய்வு ஆப்புப்போல் வேலை செய்து, குழாய் முனைகளை ஒன்றையொன்று நோக்கித் தள்ளுகிறது. நடுவிலுள்ள வளையம் நசுங்கி அடைக்கிறது. பிளேஞ்சுக்குப் பதினாறு, இருபது என்று போல்ட்டு வேண்டும். இதற்கு நான்கே போதும். கடலடியில் ஒவ்வொரு நிமிடமும் பணம் என்பதால் இது பெரிய லாபம். ஆனால் நான்கே இருப்பதால் ஒன்று பொய்த்தாலும் கால் பங்கு போயிற்று என்பதையும் மறக்கலாகாது.

வேறொரு வகைக் கிளாம்ப்பும் உண்டு. ஓடும் குழாயில் ஓட்டை விழுந்தால், நடுவே பிளந்த உறைபோல அதைச் சுற்றிப் போட்டு, உள்ளே ரப்பர் அடைப்புகளுடன் இருபுறமும் வரிசையாகப் போல்ட்டுகளால் நெருக்குவது. காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல.

இந்தக் கட்டு சரியாக நிற்காவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் நம் கடற்கரையைப் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் நாகூரை அடுத்த பட்டினச்சேரியில் சி.பி.சி.எல். நிறுவனத்தின் குழாய் கசிந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகாமல், குழாயையே அகற்ற வேண்டும் என்று கடற்கரையில் போராடினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்து, பெரியகுப்பம் முதலிய ஊர் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அம்மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலில் பாறைக் கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று நிபுணர் குழு கருதியது. நட்டு தளர்ந்ததால் இவை நேர்ந்தன என்று நான் சொல்ல வரவில்லை. கடலடியில் குழாய் கசிந்தால் அதை முதலில் சுவாசிப்பவர் யார் என்பதைச் சொல்கிறேன்.

இணைப்பு ஒன்று அடைக்காமல் விட்டதால் நேர்ந்தது என்று விசாரணையில் முடிவான விபத்தும் உண்டு. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் ‘பைப்பர் ஆல்ஃபா’ எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் மாண்டனர். பழுதுபார்க்கக் கழற்றிய பாதுகாப்பு வால்வின் இடத்தில் வைத்திருந்த மூடு பிளேஞ்சு கசிவில்லாமல் இறுக்கப்படவில்லை. இரவு முறைக்காரர்களுக்கு அது தெரியாது. கல்லன் பிரபு தலைமையில் நடந்த விசாரணை கசிவின் தொடக்கத்தை அங்கேதான் கண்டது. பட்டாசு ஊர்க்காரனான எனக்கு இதைப் படித்தபோது வேற்று நாட்டுச் செய்தி என்றே தோன்றவில்லை. எங்கள் பக்கமும் அப்படித்தான். பெரிய சத்தம் கேட்ட பின்புதான் சின்ன விஷயம் எது என்று தேடுகிறார்கள்.

இழுத்துவிட்டு முடுக்குதல்

கடலடியில் ஸ்பேனர் ஏன் உதவாது என்பதற்கு நான் மேலே சொன்ன உராய்வு ஒரு காரணம். அதைவிட நகைப்புக்குரிய காரணம் ஒன்று உண்டு. மேற்படி 29 டன் இழுவிசைக்கு ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 210 கிலோ எடையளவு தள்ள வேண்டும். தண்ணீருக்குள் மனிதனுக்கு எடை ஏறக்குறைய இல்லை, காலூன்ற இடமில்லை. அவன் நட்டைத் தள்ளினால் நட்டு அவனைத் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, சுற்றுவது நட்டாக இராது, மூழ்குநராக இருப்பார்!

எனவே வழியை மாற்றினார்கள். திருகி நீட்டுவதற்குப் பதிலாக, முதலில் போல்ட்டைப் பிடித்து நேராக இழுத்து நீட்டிவிடுவது. நீண்டபின் சும்மா கிடக்கும் நட்டைக் கையால் கீழே இறக்குவது. பிறகு இழுத்ததை விட்டுவிடுவது. போல்ட்டு சுருங்கப் பார்க்கும், நட்டு தடுக்கும், பிடி விழுந்துவிடும்.

இதைக் கேட்டதும் தாத்தா, “இது நம்ம வண்டிப்பட்டைதானே” என்றார். நாங்கள் இருவரும் திகைத்துப் போனோம். உண்மைதான். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும்போது கொல்லர் அதைச் சம்மட்டியால் அடித்துத் திணிப்பதில்லை. எருமூட்டத்தில் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி விரிய வைத்து, சுலபமாக மாட்டி, தண்ணீரை ஊற்றுவார். சுருங்குகிற பட்டை மரத்தை நெறுநெறுவென்று கவ்வும். அங்கே நீட்டுவது வெப்பம். இங்கே நீட்டுவது எண்ணெய் அழுத்தம். தத்துவம் ஒன்றே.

கருவியின் பெயர் டென்ஷனர். நாம் ‘இழுவிசைக் கருவி’ எனலாம். போல்ட்டின் மரை நட்டுக்கு மேல் குறைந்தது அதன் விட்டத்தளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நட்டைச் சுற்றி ஒரு பாலம் போன்ற உருளை உட்காரும். அதன் பக்கவாட்டில் கை நுழையும் சன்னல். மேலே வளைய வடிவப் பிஸ்டன். அதற்கும் மேலே, நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கவ்வும் இழுப்பு நட்டு. கையுறை போட்ட மூழ்குநர் அதைச் சுற்றிச் சுற்றி இறக்கிக்கொண்டிராதபடி கடலடிக் கருவிகளில் அந்த இழுப்பு நட்டைப் பிளந்து மூடும்படி செய்திருக்கிறார்கள். நான்கு போல்ட்டுகளிலும் நான்கு கருவிகள். நான்கையும் ஒரே குழாய்ச்சரத்தில் கோத்து, மேலே கப்பல் தளத்திலுள்ள ஒரே பம்பில் இணைக்கிறார்கள்.

ஒரே பம்பு என்பதில்தான் அழகு. பாஸ்கல் விதிப்படி நான்கு பிஸ்டன்களிலும் ஒரே அழுத்தம். நான்கு போல்ட்டுகளும் ஒரே நேரத்தில் ஒரே அளவு நீள்கின்றன. நான் கிணற்றில் செய்ததுபோல் ஒன்றை முடுக்க மற்றொன்று தளர்வது இல்லை. பிஸ்டனின் பரப்பு 2,860 சதுர மில்லிமீட்டர் என்றால் 1,000 பார் அழுத்தத்தில் நம் 29 டன் கிடைத்துவிடும். 1,000 பார் என்பது எவ்வளவு? லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார். 75 மீட்டர் ஆழத்தில் கடல்நீர் அழுத்துவதும் ஏறக்குறைய அவ்வளவே. கடல் நம்மை நசுக்கும் அழுத்தம் இந்தக் கருவிக்குள் இருப்பதன் முன் தூசு.

நட்டை விட்டபின் மரைகள் ஒன்றில் ஒன்று படிந்து கொஞ்சம் இறங்கும். நீட்சியில் ஒரு பங்கு நழுவும். அதனால் வேண்டிய அளவைவிடக் கூடுதலாகவே இழுத்து, இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்கிறார்கள். கிளாம்ப்பின் சாய்வுப் பரப்பிலும் உராய்வு பிடித்துக்கொள்ளும் என்பதால் இடையிடையே சுத்தியலால் தட்டிப் படியவைப்பதும் உண்டு. இவ்வளவு நவீனத்துக்கு நடுவே ஒரு சுத்தியல்! போல்ட்டு அறுந்தால் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். ஆகவே அழுத்தம் ஏறும்போது போல்ட்டின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

கடலடியில் இருப்பவர் யார்? ஐம்பது மீட்டருக்குக் கீழே வெறும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயு. கப்பலிலேயே கடலடி அழுத்தத்தில் உள்ள ஓர் இரும்பு அறைக்குள் வாரக்கணக்கில் குடியிருந்து, மணி வடிவக் கூண்டில் ஏறி இறங்கி வேலை செய்கிறார்கள். வேலை முடிந்து நம் காற்றுக்குத் திரும்ப, 75 மீட்டர் ஆழத்துக்கே மூன்று நாளுக்கு மேல் அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். ஹீலியத்தில் அவர்கள் பேச்சு கீச்சுக் குரலாக ஒலிக்கும்; அதைத் திருத்தித் தர ஒரு கருவி. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் 2009-இல் வாயு எடுக்கத் தொடங்கிய டி-6 வயல்போல நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் மனிதனே போவதில்லை. மேலிருந்து இயக்கும் இயந்திரக் கைகள்தான். அவற்றைப் பற்றி எழுத எனக்கு அண்ணனின் அனுபவம் துணையில்லை, விட்டுவிடுகிறேன்.

அண்ணனின் இடம் தளத்தில், பம்புக்குப் பக்கத்தில். முன்பு தூத்துக்குடியில் முத்துக்குளிக்க இறங்குபவனின் கயிற்றைப் படகில் பிடிப்பவன் அவன் மைத்துனனாகவே இருப்பான் என்று சொல்வதுண்டு. தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா! அண்ணனின் கையில் இருந்ததும் அப்படியொரு கயிறுதான். கீழே நடப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. காதில் ஒரு கீச்சுக்குரல். கண்முன்னே ஓர் அழுத்தமானி.

அந்த நான்காவது நட்டு

அவர் ஏன் வீட்டில் இருக்கிறார் என்பதை மூன்றாம் நாள் மாலை அவராகவே சொன்னார்.

சென்ற மார்கழியில் ஓர் இரவு. கிளாம்ப்பு ஒன்றை இறுக்கி முடித்தாயிற்று. “நாலு நட்டும் உட்கார்ந்துவிட்டது” என்று கீழிருந்து குரல் வந்தது. அழுத்தத்தை இறக்கினார். கருவிகளைக் கழற்றுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மறுபடி அழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போக, மூழ்குநர் ஒவ்வொரு நட்டையும் சிறு கம்பியால் அசைத்துப் பார்ப்பார். போல்ட்டில் தங்கியிருக்கும் இழுவிசையைக் கருவியின் இழுப்பு மிஞ்சும் கணத்தில்தான் நட்டு விடுபடும். எந்த அழுத்தத்தில் விடுபடுகிறதோ, அதுவே போல்ட்டில் உண்மையில் இருக்கும் பிடி. கணக்கும் வேண்டாம், நம்பிக்கையும் வேண்டாம். பெரியம்மாவின் பெருவிரல் அழுத்தலும் இதுவும் ஒன்றே என்பேன்.

மேற்பார்வையாளர் சோதனை வேண்டாம் என்றார். காற்று வலுத்துக்கொண்டிருந்தது, மூழ்குநரை மேலே எடுக்க வேண்டும், கப்பலின் ஒரு நாள் வாடகையோ பல லட்சம். இரண்டு முறை இழுத்தாயிற்று, அழுத்தமானி சரியாகக் காட்டியது, இன்னும் என்ன? அண்ணன், “அழுத்தமானி காட்டுறது கருவிக்குள்ள இருக்கிற அழுத்தத்தை. போல்ட்டுல இருக்கிறதை அது காட்டாது” என்றாராம். வாக்குவாதம். தாளில் கையொப்பமிட மாட்டேன் என்று அவர் நின்றுவிட்டார். கடைசியில் பத்து நிமிடம் கொடுத்தார்கள்.

அழுத்தம் ஏறியது. பாதி அளவுகூட எட்டவில்லை. “நாலாவது அசையுது” என்றது கீச்சுக்குரல். மற்ற மூன்றும் சரியான அளவில்தான் விடுபட்டன. நான்காவது நட்டின் உட்புற மரையில் ஓரிடம் நசுங்கியிருந்தது. இறக்கும்போது அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. முட்டியதை மூழ்குநரின் கை, உட்கார்ந்துவிட்டது என்று எண்ணியது. அவர்மேல் குற்றமில்லை, குளிரில், இருளில், கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். அழுத்தத்தை இறக்கியதும் போல்ட்டு நட்டு தொடும்வரை சுருங்கிவிட்டது; நீட்சியில் பாதிக்கு மேல் போயிற்று. நட்டை மாற்றி மறுபடி இறுக்க மூன்று மணி நேரம்.

அடுத்த ஒப்பந்தத்துக்கு அவரை அழைக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. “சொல்லவும் மாட்டாங்க தம்பி. போன் வராது, அவ்வளவுதான்.” கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றளவும் ஆறவில்லை. வெடி ஆபீசுக்குப் பிள்ளை போகக்கூடாது என்று பெரியம்மா நகையை அடகு வைத்து ஐ.டி.ஐ. படிக்கவைத்தார், அந்தப் பிள்ளை வேலையைச் சரியாகச் செய்ததற்காக வேலையின்றி உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் காலை இருவரும் கிணற்றுக்குள் இறங்கினோம். புதுப் போல்ட்டு, புது ரப்பர். நான்கு நட்டுகளையும் முதலில் வெறுங்கையால் இறக்கச் சொன்னார். மரைகளைத் துணியால் துடைத்து நான்குக்கும் ஒரே அளவு எண்ணெய். பிறகு எதிரெதிராக, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று. நான்கு சுற்று வந்தபின் பிளேஞ்சுகளுக்கிடையே உள்ள இடைவெளியை நாலா பக்கமும் ஒரு சிம் தகட்டால் அளந்து பார்த்தார். மூன்றடிக் குழாயை என் கையிலிருந்து வாங்கிக் கரைமேல் எறிந்துவிட்டார். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் வந்தது. தாத்தா ஒன்றும் சொல்லாமல் மடையைத் திறக்கப் போனார்.

அண்ணன் இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இயந்திரம் பழுதுபார்க்கிறார், ஐப்பசிக்காகக் காத்திருக்கிறார். மாற்றிய அந்த நான்காவது நட்டை மூழ்குநர் மேலே அனுப்பியிருந்தார். அண்ணன் அதை ஊருக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். கேட்டு வாங்கி வந்து, துறைத்தலைவர் அவர்களின் அனுமதியோடு நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், யங் குணகச் சோதனைக் கம்பி தொங்கும் சுவரின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். விரும்புவோர் வந்து பார்க்கலாம். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், உள்ளே மூன்றாவது மரையில் நசுங்கிய இடம் தெரியும்.